அழகர் இறங்கும் நாள்வரை ஐப்பசித் தண்ணீர்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மதுரை ஆனையூர் பக்கம். மாநகராட்சிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்ல தண்ணீர் வருகிறது. புதிதாக மீட்டர் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இதுவரை மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான் கட்டிவந்தோம். இனி மீட்டர் ஓடுகிற கணக்குக்குத்தான் பில் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பயத்தில் நானே குறித்துப் பார்த்தேன். ஒன்றாம் தேதி 214, அடுத்த ஒன்றாம் தேதி 251. வீட்டில் ஐந்து பேர். 37 என்பது அதிகமா, மீட்டரில் கோளாறா? சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) ஆறடிக்கு ஐந்தடி. மொட்டை மாடி 900 சதுர அடி. குடிக்கவும் சமைக்கவும் மாதம் 25 கேன், ஒன்று 35 ரூபாய்க்கு வாங்குகிறோம். 2003இல் போட்ட மழைநீர்க் குழி வாசலில் மண் மூடிக் கிடக்கிறது. 20,000 லிட்டருக்கு மழைநீர்த் தொட்டி கட்டிவிட்டால் தண்ணீர் பில்லே வராது, இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. மாமியாரோ மழைத் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தேவை இருபதாயிரம் லிட்டர் தொட்டி இல்லை. ஒரு சாக்பீஸ், ஒரு நீளமான குச்சி, கொஞ்சம் மஞ்சள் தூள், அப்புறம் மூன்று சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் குறித்த 37 என்பது 37 கிலோலிட்டர், அதாவது 37,000 லிட்டர். மீட்டர் முகப்பில் கறுப்பு எண்கள் கிலோலிட்டரைக் காட்டும். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. தெருவில் ஓடுகிற 12,000 லிட்டர் லாரி மூன்று, ஒரே மாதத்தில் உங்கள் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு. குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு, சமைக்க எல்லாம் சேர்த்துத்தான். அந்தக் கணக்கில் ஐந்து பேருக்கு நாளைக்கு 675 லிட்டர், மாதத்துக்கு இருபது கிலோலிட்டரைக் கொஞ்சம் தாண்டும். உங்களுக்கு 37. மீதி 17,000 லிட்டரை ஐந்து பேர் குளித்துத் தீர்த்திருக்க முடியாது. அது வேறு வழியாகப் போகிறது, அல்லது வராமலே மீட்டரில் ஏறுகிறது.

வராமலே ஏறுவது நடக்கக்கூடியதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊரில் இடைப்பட்ட நேரத்தில் குழாய் முழுக்கக் காற்றுதான் இருக்கும். தண்ணீர் திறந்ததும் அந்தக் காற்றுதான் முதலில் தள்ளிக்கொண்டு வரும். சம்புக்குள் புஸ் புஸ் என்று சத்தம் கேட்கிறதே, அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தால் சக்கரம் பறக்கும். அதனால் தண்ணீர் வரும் நாளில் வால்வை முன்கூட்டியே திறந்து வைக்காதீர்கள். தெருவில் தண்ணீர் வந்து பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் இல்லை என்றே நம்புகிறேன்: மாநகராட்சிக் குழாயில் மோட்டாரை நேரடியாக வைத்து உறிஞ்சுவது. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து மீட்டரைச் சுற்றும். குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரையும் அது உள்ளே இழுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாரையும் கூப்பிட வேண்டாம், உங்கள் சம்ப்பே போதும். ஆறடிக்கு ஐந்தடி என்றால் முப்பது சதுர அடி. அதில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 850 லிட்டர். தண்ணீர் வருவதற்கு முன் குச்சியை அடிவரை விட்டு நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மீட்டரையும் சிவப்பு எண்களோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும்வரை மோட்டார் போடக் கூடாது. நின்றதும் மறுபடி இரண்டையும் பாருங்கள். சம்பில் இரண்டடி ஏறியிருந்தால் மீட்டர் 1,700 லிட்டரை ஒட்டி ஓடியிருக்க வேண்டும். நூறுக்கு இரண்டு மூன்று முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். குச்சி அளவிலேயே அவ்வளவு பிசகு வரும். மீட்டர் 2,200 காட்டி சம்பில் இரண்டடிதான் ஏறியிருக்கிறது என்றால், காற்று ஒரு காரணம். அல்லது மீட்டருக்கும் சம்புக்கும் நடுவில் மண்ணுக்குள் குழாய் உடைந்திருக்கும். மூன்று முறை இப்படி எழுதிவைத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். வெறும் வாயால் சொல்லும் புகாருக்கும் தேதி போட்ட தாளுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. போகும்போதே, மீட்டர் கணக்குக்கு எப்போது மாறுகிறது, கிலோலிட்டருக்கு என்ன விகிதம், எந்த அளவுக்கு மேல் விகிதம் கூடுகிறது, குறைந்தபட்சத் தொகை என்ன என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக மீட்டர் கட்டணத்தில், குறைவாகச் செலவழிப்பவருக்கு ஒரு விகிதம், அதற்கு மேல் போகப் போகக் கூடுதல் விகிதம் என்று படி படியாக வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒழுகிப் போகிற தண்ணீர்தான் விலை கூடின படியில் போய் உட்காரும். அதனால்தான் முதல் வேலை ஒழுக்கைப் பிடிப்பது.

இரவு பத்து மணிக்கு சம்புக்கு வரும் வால்வை மூடுங்கள். மோட்டார் சுவிட்சில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், யாரும் பழக்கத்தில் போட்டுவிடாமல். சம்பின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் சம்பில் ஓர் அங்குலம் என்பது 70 லிட்டர். இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் எட்டு மணி நேரத்தில் 140 லிட்டர், ஒரு நாளைக்கு 420, மாதத்துக்கு 12,600 லிட்டர். நீங்கள் தேடுகிற 17,000த்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கோ.புதூர் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போனேன். மீட்டர் சரி, குழாய் சரி, வீட்டார் கஞ்சமாகத்தான் புழங்குகிறார்கள். எனக்கும் பிடிபடவில்லை. கிளம்பும்போதுதான் காம்பவுண்டு ஓரம் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தேன். கத்திரி வெயில் நேரம், தெருவில் புல் பூண்டெல்லாம் காய்ந்து கிடந்தது. அந்த மரத்தடியில் மட்டும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. சம்பைக் காலி செய்து இறங்கிப் பார்த்தால், கிழக்கு மூலையில் தரையும் சுவரும் சேருமிடத்தில் தலைமுடி போல வேர். நூல் நூலாக உள்ளே வந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கையால் இழுத்தால் பின்னாலேயே சுண்டுவிரல் தடிமனுக்கு வேர் வருகிறது. எத்தனை வருடமாக அந்த வீட்டு நல்ல தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததோ! மூலையைக் கொத்தி, வேரை வெட்டி, நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்த சிமென்டால் மூலைகளை வளைத்துப் பூசினோம். அடுத்த மாதம் மீட்டர் பாதிக்குக் கிட்டத்தில் ஓடியது.

விரிசல் விட்ட சம்பில் தண்ணீர் போவது மட்டுமல்ல ஆபத்து. அடைமழையில் வெளித் தண்ணீர் அதே வழியாக உள்ளே வரும். 2024 அக்டோபரில் மதுரையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 செ.மீ. கொட்டி, செல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் விரிசலுள்ள சம்பில் என்ன கலந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே ஒழுக்கு இருந்தால் பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சம்ப் இறங்கவில்லை என்றால் மேலே போங்கள். கழிப்பறையில் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கலக்கிவிட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது. சத்தமில்லாமல் ராத்திரி பகலாக ஒழுகும் இடம் இதுதான். வாஷர் மலிவு, பிளம்பர் வந்தால் கால் மணி நேர வேலை. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்பதையும் பாருங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேச்சில் மறந்துபோவது எல்லா வீட்டிலும் உண்டு. தானாக நிறுத்தும் சென்சார் ஒன்றை மாட்டிவிட்டால் கரண்டும் மிச்சம். மற்றபடி, வாளியில் பிடித்துக் குளிப்பது, துணி அலசிய தண்ணீரை வாசலுக்கு விடுவது, ஆர்.ஓ. வைத்திருந்தால் அது கழிக்கும் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துவைப்பது இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, மழைக்கு வருவோம். கொத்தனார் சொன்னதில் எங்கே பிசகு என்று பாருங்கள். மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவில் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் 900 சதுர அடி மாடி ஏறக்குறைய 84 சதுர மீட்டர். ஆண்டு முழுக்க விழுவது 71,000 லிட்டர். கழிவு போக 57,000 லிட்டர் கைக்கு வரும். ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும், மாதம் இருபது கிலோலிட்டர் புழங்கும் வீட்டுக்கு அது மூன்று மாதத் தண்ணீர்கூட இல்லை. அந்த மழையும் மாதாமாதம் பிரித்துப் பெய்வதில்லை. ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதம் குழாயிலும் ஓரளவு தாராளமாகவே தண்ணீர் வரும். 20,000 லிட்டர் தொட்டியை நிரப்பிவைத்துக் குளியலுக்கும் துவைப்புக்கும் எடுத்தால் ஒரே மாதத்தில் காலி. மாசி, பங்குனியில் வெறும் தொட்டியை வைத்துக்கொண்டு இரண்டரை லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். கொத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் கட்டுகிற கணக்கைப் பார்த்தார், நீங்கள் குடிக்கிற கணக்கை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 37 இல்லை, கேன் கணக்குத்தான். மாதம் 25 கேன், 875 ரூபாய். ஒரு கேன் இருபது லிட்டர் என்றால் ஐம்பது கேன் சேர்ந்தது ஒரு கிலோலிட்டர். அதற்கு நீங்கள் கொடுப்பது 1,750 ரூபாய்! மாநகராட்சி எந்த விகிதம் வைத்தாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீர் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் வீட்டில் விலை கூடின தண்ணீர் மீட்டர் வழியாக வரவில்லை, வண்டியில் வந்து வாசலில் இறங்குகிறது. அதன் அளவோ மாதத்துக்கு வெறும் 500 லிட்டர். மழை ஈடுகட்ட வேண்டியது இந்த 500 லிட்டரைத்தான்.

இப்போது ஆவணி. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. 3,000 லிட்டர் பிடித்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் அது நிரம்பிவிடும். இரண்டு மூன்று நல்ல மழை போதும். ஐப்பசி, கார்த்திகையில் எடுக்க எடுக்க அடுத்த மழை நிரப்பிவிடும். மார்கழித் தொடக்கத்தில் தொட்டி நிறைந்திருந்தால் மாதம் 500 லிட்டர் வீதம் வைகாசி வரை வரும். அழகர் ஆற்றில் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்களே, அந்த நாளில் உங்கள் சமையலறையில் ஐப்பசி மழைத் தண்ணீர் இருக்க வேண்டும். இதைத்தான் இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் இன்னும் ஒரு மாதம் ஓடும். எப்படிப் பார்த்தாலும் வருடத்தில் எட்டு மாதம் கேன் வாங்க வேண்டாம், 7,000 ரூபாய் மிச்சம்.

ஒரே பெரிய தொட்டியாக வாங்காமல் 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி மூன்று வாங்கி, அடியில் குழாயால் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வையுங்கள். ஒன்றைக் கழுவும்போது மற்ற இரண்டிலும் தண்ணீர் இருக்கும். எங்கோ ஒன்றில் அழுக்கு சேர்ந்தாலும் எல்லாம் கெடாது. மாடிப்படிக்குக் கீழே இடம் இருந்தால் அதுதான் நல்ல இடம். வெயில் படாது, தண்ணீர் சூடேறாது, பாசி பிடிக்காது. மொத்தம் மூன்று டன் எடை என்பதை மறந்துவிடாதீர்கள். வெறும் மண்ணில் வைக்கக் கூடாது. செங்கல் மேடை கட்டி, குடம் வைத்துப் பிடிக்கும் உயரத்தில் ஒரு குழாய். மோட்டாரே வேண்டாம்.

வடிகட்டிக்கு ஒரு 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். மாடிப்படி திரும்பும் இடத்தில், தொட்டிகளைவிட உயரத்தில் வையுங்கள். அடியில் கூழாங்கல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் அடுப்புக்கரி, எல்லாவற்றுக்கும் மேல் கழுவிய ஆற்று மணல். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் நைலான் வலை. கரியைப் போடும் முன் தண்ணீர் கறுப்பு விடுவது நிற்கும்வரை அலச வேண்டும். இதில் அவசரப்பட்டால் முதல் மாதம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர்தான் வரும். பெருமழையில் டிரம் தாங்காமல் நிரம்பும். நிரம்பி வழிவது வீணாகாமல் வாசல் குழிக்குப் போகும்படி மேல்பக்கம் ஒரு குழாய் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. என் சொந்த வீட்டில் முதலில் செய்தபோது நான் விட்ட தவறும் அதுதான். மாடிக் குழாயை நேராக வடிகட்டியில் சேர்த்துவிட்டேன். முதல் மழையிலேயே ஆறு மாதத் தூசியும் புறா எச்சமும் காய்ந்த இலையும் மொத்தமாக மணலில் இறங்கி, எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. மாடியிலிருந்து வரும் குழாயில் இரண்டாகப் பிரியும் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றை வைத்து இரண்டு வால்வு போடுங்கள். ஒன்று குழிக்கு, ஒன்று வடிகட்டிக்கு. எப்போதும் குழிக்குப் போகும் வால்வுதான் திறந்திருக்க வேண்டும். மழை பெய்து பதினைந்து நிமிடமானதும் கையில் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் வடிகட்டிப் பக்கம் திருப்புங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்து மழை குழிக்கே போகட்டும். பருவத்தின் முதல் இரண்டு மழையை முழுவதுமாக விட்டுவிடுங்கள். அது மாடியைக் கழுவ வந்த மழை. புரட்டாசிக் கடைசியில் மாடியைக் கூட்டி, கழுவிவிடுங்கள். மாடியில் வெயில் தடுக்கும் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இந்த வருட மழையைக் குடிக்க எடுக்க வேண்டாம், புழங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டி மூடி, காற்றுக் குழாய், வழிவு குழாய் எல்லாவற்றின் வாயிலும் கொசு நுழையாத மெல்லிய வலை கட்ட வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான். இதில் சோம்பல்பட்டால் கேனில் மிச்சம் பிடித்ததை ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டிவரும்.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அழுக்கு மாடியில் பிடித்த தண்ணீரைப் பச்சையாகக் குடித்து யாருக்காவது உடம்புக்கு வந்ததைப் பார்த்திருப்பார். கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தால் அந்தப் பயம் தேவையில்லை. மழைத் தண்ணீரால் சளி வராது, தண்ணீரில் இருக்கும் கிருமியால்தான் நோய் வரும். மனசு ஒப்பவில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். அதுவரை சமையலுக்கு மட்டும் எடுங்கள். துவரம்பருப்பை அக்கம்பக்கத்தில் கிடைக்கும் போர் தண்ணீரில் ஒரு பாத்திரத்திலும் மழைத் தண்ணீரில் ஒரு பாத்திரத்திலும், குக்கர் இல்லாமல், ஒரே நேரத்தில் வேகவைத்து மாமியார் கையில் கரண்டியைக் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பருப்பை வேகவிடாமல் இறுக்கிவிடும். மழைத் தண்ணீரில் பருப்பு மசிந்து மேலே வரும். பாத்திர அடியில் வெள்ளைப் படிவும் பிடிக்காது. எங்கள் அம்மா மேலூர் பக்கம் பிறந்தவர். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, அதன்கீழ் அண்டாவை வைத்துப் பிடிப்பார். அந்தத் தண்ணீரை டீக்கென்று தனியாக எடுத்துவைப்பார். வேறு யாரும் தொட முடியாது. செட்டிநாட்டுப் பக்கம் முற்றத்துக்கு முற்றம் அண்டா வைத்துப் பிடிக்கிற வழக்கத்தை உங்கள் மாமியாரும் கேள்விப்பட்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக வாசல் குழி. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, கெடுவுக்குள் முடிக்க ஊர் முழுக்க ஓடி ஓடிக் குழி போட்டோம். அதில் நான் போட்ட குழிகளும் இருக்கின்றன. குழி போட்டவர்கள் யாரும், வருடா வருடம் இதைத் திறந்து கழுவ வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மேலே உள்ள மணலில் வண்டல் படிந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே போகாது, மேலோடு வழிந்து தெருவுக்குப் போய்விடும். ஓர் ஆளை வைத்து மேல் மணலை அள்ளிப் போட்டுவிட்டு, ஜல்லியை எடுத்துக் கழுவி மறுபடி நிரப்பி, புது மணல் போடுங்கள். ஒரு நாள் கூலிதான். வேலை முடிந்ததும் நான்கு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், நிற்காமல் இறங்க வேண்டும். செப்டிக் டேங்க் அதற்கு மிக அருகில் இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள். நம் பக்கம் கீழே பாறை, அதனால் குழியில் விட்ட தண்ணீர் பக்கத்துப் போரிலேயே ஊறும் என்று உறுதி சொல்ல முடியாது. தெருவில் நான்கு வீடு சேர்ந்து செய்தால் பலன் தெரியும். மதுரையைச் சுற்றி இத்தனை கண்மாயை வெட்டி, ஒன்று நிரம்பிக் கலுங்கு (மிகுந்த நீர் வழியும் மதகு) வழியாக அடுத்ததற்குப் போகும்படி செய்துவைத்தவர்கள், அடியில் பாறை இருப்பது தெரிந்தேதான் செய்தார்கள். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. கண்மாயைத் திரும்பக் கொண்டுவர உங்களாலும் என்னாலும் முடியாது, வாசல் குழியைக் கழுவ முடியும். 57,000 லிட்டரில் நீங்கள் குடிக்க எடுப்பது நாலைந்தாயிரம்தான். மற்றதெல்லாம் அந்தக் குழியின் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும்.

ஆக, இந்த வாரம் சாக்பீஸ் கோடும் மஞ்சள் தூளும். புரட்டாசிக்குள் குழியும் மூன்று தொட்டியும். காலண்டரில் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் மீட்டர் எண்ணைக் குறிப்பதை நிறுத்தாதீர்கள். சம்பில் ராத்திரி எத்தனை அங்குலம் இறங்கியது என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால், சம்பின் ஆழம், எந்த வருடம் கட்டியது, பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூச்சு வேலைக்கு ஆளைக் கூப்பிடும் முன் பதில் அனுப்பிவிடுகிறேன்.